கிணற்றுக்குள் திருப்பி ஊற்றிய தண்ணீர்

என் வாழ்நாளில் ஒரேயொரு மனிதர்தான் என்னைக் கோட்டுக்கு இழுத்தவர். கோடு என்றால் எங்கள் பக்கத்தில் நீதிமன்றம். நான் சாகும்வரை கடமைப்பட்டிருப்பதும் அந்த ஒரேயொரு மனிதருக்குத்தான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் அம்மாவுக்கு வயது போய்விட்டது என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு நடந்தது தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் இவ்வளவு காலமும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு பேருக்கும் கலியாணமாகிப் பேரப்பிள்ளைகளும் வந்தாயிற்று. இனி எவர் என்ன கதைத்தால் எனக்கென்ன?

அந்த மனிதர் என் அப்பாவின் தம்பி. எங்கள் ஊர் வழக்கப்படி குஞ்சியப்பு என்று கூப்பிடுவேன். அதாவது, கூப்பிட்ட காலத்தில். எல்லையில் நின்ற ஒரு பூவரசைத் தறித்தது யார் என்ற சண்டையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுப் பறைச்சல் நின்றுபோனது. ஆனால் அவருடைய தோட்டமும், அப்பா எனக்குச் சீதனமாகத் தந்த தோட்டமும் அச்சுவேலிக்குப் பக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. இரண்டுக்கும் ஒரே கிணறு. மூன்று நாளில் இரண்டு நாள் இறைப்பு அவருக்கு, ஒரு நாள் எங்களுக்கு. அந்த முறை மட்டும் பிசகாது. குஞ்சியப்புவுக்கு வழக்கு என்றால் சோறு வேண்டாம். எந்தக் காணி எந்த வருடம் யார் பெயருக்கு மாறியது, எந்த வேலி எத்தனை முழம் தள்ளிப் போனது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊரில் யாருக்காவது காணி உறுதிப் பத்திரம் தொலைந்தால் முதலில் அவரிடம்தான் ஓடுவார்கள்.

என் கணவர் மலாயாவில் றெயில்வே கிளாக்கராக இருந்தார். நீண்ட லீவில் அவர் வந்து இறங்கிய வருடம் புகையிலை நட்டு முடிந்திருந்த காலம். ஆள் மெலிந்திருந்தார். கப்பல் களைப்பு என்றார். நானும் நம்பினேன். ஒரு நாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி, கை கோப்பைக்குள் இருக்க, அப்படியே கண் மூடிவிட்டார். குழம்பு விட வந்தவள் அகப்பையோடு நின்று பார்த்தேன். கப்பல் களைப்பு இத்தனை கிழமைக்குப் பிறகுமா இருக்கும்?

நான் விடவில்லை. கேட்டால் கேட்டதுதான், நான் அப்படிப்பட்டவள். பின்னேரம் அவராகவே பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து என் கையில் தந்தார். உள்ளே கறுப்பாக, பிசினாக, அபின். மலாயாவில் அது கடையில் வாங்கக்கூடிய சாமான். இடுப்பு வலி தாங்க முடியாமல் கிடந்த ஒரு மாதத்தில் யாரோ கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். வலி போய்விட்டது, அபின் போகவில்லை. உருண்டையாக உருட்டித் தேத்தண்ணியோடு விழுங்குவாராம். மேலிடத்துக்குத் தெரிந்தால் உத்தியோகம் போகும். ஊருக்குத் தெரிந்தால் எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளின் பெயரும் போகும். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"இஞ்சை வைச்சு விடாட்டி நான் எங்கையும் விடமாட்டன். இனி நான் கேட்டாலும் தராதேயும்."

கேட்டாலும் தருவதற்கு மிச்சம் வைத்தால்தானே! அன்று முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். டப்பாவை அப்படியே அடுப்புக்குள் தள்ளினேன். இனிப்பும் கைப்புமாக ஒரு புகை எழும்பியது. அவர் எழுந்து வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

முதல் சில நாட்கள் நரகம். தும்மல், கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், வயிற்றுப் போக்கு, வெயிலில் இருந்தாலும் மயிர்க்கூச்செறிதல். பார்க்க வந்தவர்களிடம் மலாயாக் காய்ச்சல் என்றேன். மலாயாவிலிருந்து வந்தவருக்கு மலாயாக் காய்ச்சல் வராமல் வேறு என்ன வரும்? எல்லோரும் நம்பினார்கள். அந்தக் காய்ச்சலும் ஒரு மாதிரிப் போய்விட்டது. கஞ்சி குடித்தார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

அவசரப்பட்டு உடைத்துவிட்டேன். கால்கள் ஓயவில்லை.

எப்படிச் சொல்வது? நோவு இல்லை, வீக்கம் இல்லை. நடந்தால் ஒன்றும் இல்லை. உட்கார்ந்தால், படுத்தால், முழங்காலுக்குக் கீழே ஏதோ ஊர்கிறது என்பார். எலும்புக்குள்ளே ஊர்கிறது, சொறிய முடியாது, காலை உதறினால் ஒரு கணம் நிற்கும், பிறகு திரும்பவும் தொடங்கும். பாய் முழுக்க உதைத்து உதைத்துச் சுருட்டிவிடுவார். நித்திரை என்பதே இல்லை. நானும் விட்டேனா? நல்லெண்ணெய் தடவினேன். தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தணம் கொடுத்தேன். நொச்சியிலை போட்டுக் கொதித்த தண்ணீரில் காலை வைக்கச் சொன்னேன். என் பழைய சேலையைக் கிழித்துக் கெண்டைக்கால் இரண்டையும் இறுக்கிச் சுற்றினேன். கடைசியில் அவருடைய கால்களுக்கு மேலே ஏறியே உட்கார்ந்தேன். அதுதான் கொஞ்ச நேரம் சரிவந்தது. ஆனால் நான் உட்கார்ந்தபடியே தூங்கிச் சரிந்துவிட, அவர் விழித்தபடி கிடந்தார். ஒரு மனுசிக்கு எவ்வளவு நேரம்தான் மனுசன்ரை காலுக்கு மேலே குந்தியிருக்க முடியும்?

கோயிலில் கந்தபுராணப் படிப்புக்குப் போனோம். போகாவிட்டால் ஊர் கேட்கும். சப்பாணி கட்டி உட்கார்ந்தவர், புராணம் பாதி போகுமுன் முன்னால் இருந்த பெரிய மனிதரின் முதுகில் ஓர் உதை விட்டார். பக்தியில் வந்த ஆவேசம் என்று சிலர் கும்பிடப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு ஆறுமுகப்பெருமான்தான் மூடிவைத்தார்.

அதற்கு அடுத்த நாள் விடிகாலையில் அவர் சேட்டு மாட்டிக்கொண்டு நின்றார். எங்கே என்றேன். வைத்தியம் பார்க்கிற பரியாரியார் வீட்டுக்கு, நித்திரைக்கு ஒரு மருந்து கேட்கப் போகிறாராம். பரியாரியார் கொடுக்கிற நித்திரை மருந்துக்குள் என்ன இருக்கும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் வாசல் படலையில் போய் நின்றுகொண்டேன். அவர் என்னைத் தள்ளவில்லை. தள்ளக்கூடிய ஆளுமில்லை. "ஒரே ஒரு நாள், ஒரு நாள் நித்திரை கொண்டால் போதும்" என்று பிள்ளை மாதிரிக் கெஞ்சினார்.

அன்று எங்கள் இறைப்பு முறை. துலா மிதிக்க வருகிறவன் வரவில்லை. துலா என்பது பனை நீளத்துக்கு உயரத்தில் குறுக்கே கிடக்கிற மரம். அதன் மேல் ஏறி ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். முன்னுக்கு நடந்தால் பட்டை என்கிற இறைவாளி கிணற்றுக்குள் இறங்கும், பின்னுக்கு நடந்தால் தண்ணீரோடு எழும்பும். கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். பிடிக்கக் கட்டிய கொடிக்கயிறு இருந்தாலும் ஒரு அடி தப்பினால் கிணறுதான். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியிருந்தது.

"நடக்கத்தானே கால் கேட்குது? சேட்டைக் கழட்டிப்போட்டுத் துலாவிலை ஏறுங்கோ. புகையிலை காயுது" என்றேன்.

மலாயாக் கிளாக்கர் துலா மிதிப்பதா என்று வேறொருவராக இருந்தால் கேட்டிருப்பார். இவர் சின்ன வயதில் மிதித்தவர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஒரு பெண்பிள்ளை பட்டை பிடிப்பது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. வழக்கத்தைப் பார்த்தால் புருசனைப் பார்க்க முடியாது. நான்தான் பிடித்தேன். அவர் மேலே நடக்க நடக்க, அண்ணாந்து பார்த்தபடி எனக்குத் தெரிந்த தேவாரம் எல்லாம் வாய்க்குள் முணுமுணுத்தேன். வெயில் ஏறும்வரை மிதித்தார். இறங்கி வந்து பழஞ்சோற்றைக் குடித்துவிட்டுப் பாயில் விழுந்தார். கால்கள் இரண்டு தரம் துடித்தன. பிறகு அடங்கின. குறட்டை விட்டார்! அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் இருந்து அழுதேன்.

ஏன் அது மட்டும் சரிவந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெருவில் நடந்து பார்த்தவர்தான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த உடனே திரும்பத் தொடங்கிவிடும். துலாவில் உடம்பின் முழுப் பாரத்தையும் காலே தாங்க வேண்டும். மனமும் காலடியிலேயே நிற்க வேண்டும், வேறு எதையும் நினைத்தால் விழுந்து போவார். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

அடுத்த நாள் கால்கள் திரும்பவும் கேட்டன. ஆனால் அடுத்த நாள் கிணறு குஞ்சியப்புவுடையது. வீட்டுக் கிணற்றில் கையால் அள்ளுகிற வாளி மட்டும்தான், அதில் என்னத்தை மிதிப்பது? இருவரும் யோசித்தோம். அவருடைய ஆட்கள் விடிந்த பிறகுதான் வருவார்கள். அதற்கு முன் மிதித்துவிட்டு வந்தால் யாருக்கு என்ன நட்டம்? ஒரு துளி தண்ணீர்கூட எங்கள் பக்கம் போகக்கூடாது, அது களவு. ஆகவே அவர் மிதிக்க, வருகிற பட்டையை நான் பிடித்துத் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே ஊற்றினேன். திரும்ப இறங்கும், திரும்ப எழும்பும், திரும்ப ஊற்றுவேன். உலகத்தில் இப்படி ஓர் இறைப்பை யாராவது இறைத்திருப்பார்களா?

துலா கிரீச்சிடுகிற சத்தம் ஊருக்கே கேட்கும். ஒரு நாள் நாங்கள் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே குஞ்சியப்பு வந்து நின்றார், பக்கத்தில் சாட்சிக்கு எங்கள் ஊர்த் தலைமைக்காரர் விதானையார். களவைப் பிடிக்க வந்தவர்கள். வாய்க்காலைப் பார்த்தார்கள், காய்ந்து கிடந்தது. எங்கள் தோட்டத்தைப் பார்த்தார்கள், மண் உலர்ந்திருந்தது. என் கையிலிருந்த பட்டை கிணற்றுக்குள் கவிழ்வதையும் பார்த்தார்கள். விதானையார் வாயைப் பிளந்தார். குஞ்சியப்பு மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெல்லத் தலையை ஆட்டினார். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், இவர்களுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். குஞ்சியப்பு அப்படி நினைக்கவில்லை. தண்ணீர் தேவையில்லாமல் ஒருத்தி மற்றவரின் முறையில் துலாவை ஓட்டுகிறாள் என்றால், அது உரிமை ஊன்றத்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். இன்றைக்கு இப்படி ஓட்டுவது, நாலு வருடம் கழித்து எங்களுக்கு எல்லா நாளும் ஆட்சி இருந்தது என்று கோட்டில் நிற்பது. தண்ணீரைத் திருப்பி ஊற்றுவதுதான் இதில் பெரிய கெட்டித்தனம், களவென்றும் சொல்ல முடியாது. அன்றைக்கே பருத்தித்துறையில் தனக்கு வழக்குப் பேசுகிற பிரக்கிராசியிடம் போனார். கிழமை திரும்புமுன், அவருடைய முறையில் துலாவைத் தொடக்கூடாது என்று எங்களுக்குக் கோட்டுக் கட்டளை வந்தது. மரத்தாலே விழுந்தவனை மாடேறி மிதிச்ச கதைதான்.

கட்டளை வந்த பிறகு அவருடைய நாட்களில் கிணற்றடிக்குப் போக முடியவில்லை. என் கணவருக்குத் திரும்பவும் நித்திரை போனது. இரண்டாம் நாள் திரும்பவும் சேட்டு மாட்டினார். என்னைப் பார்க்காமலே மாட்டினார். அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது: ஊருக்குத் தெரிந்தால் பெயர் போகும், தெரியாமல் வைத்தால் மனுசன் போய்விடும். சற்றுப் பொறுங்கள், வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன்.

குஞ்சியப்பு தனியாக நின்று பட்டையைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். பேச்சில்லாதவர்கள் நேரே பேசமாட்டார்கள், அது எங்கள் ஊர் மரியாதை. நான் கிணற்றைப் பார்த்துச் சொன்னேன்:

"உரிமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவர் மலாயாவிலை அபின் பழகிப் போட்டார். இஞ்சை வந்து விட்டிட்டார். விட்ட பிறகு கால் ரண்டும் ஓயுதில்லை. துலா மிதிச்சால்தான் நித்திரை கொள்ளுறார். இதுதான் சங்கதி. இனிக் கோட்டிலை சொல்லுறதெண்டாலும் சொல்லட்டும்."

இந்த ஊரில் ஒரு இரகசியத்தை யாரிடம் கொடுக்கக்கூடாதோ அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவர் கயிற்று முடிச்சை அவிழ்த்தார், திரும்பவும் கட்டினார். பிறகு கயிற்றைப் பார்த்துச் சொன்னார்:

"மருமோனைக் கெதியா வரச் சொல்லு. தண்ணியைத் திருப்பிக் கிணத்துக்கை ஊத்திறது பாவம். என்ரை புகையிலைக்கு ஓடட்டும்."

அப்போ வழக்கு என்று நானும் கிணற்றிடம் கேட்டேன். வழக்கு வழக்குத்தான் என்று கயிறு பதில் சொன்னது.

அன்றிலிருந்து அவருடைய நாட்களில் என் கணவர் மிதிக்க, குஞ்சியப்பு தானே பட்டை பிடித்தார். தன்னுடைய மிதிகாரனை வாய்க்காலுக்கு அனுப்பிவிட்டார். அந்த வயதில் குனிந்து நிமிர அவருக்கு முதுகு எவ்வளவு வலித்திருக்கும்! கால் தளர்ந்தால் கீழேயிருந்து ஏச்சு விழும்: மலாயாத் துரை நித்திரையோ, காலை ஊன்றி வையும் என்று. அபின் என்ற சொல்லை அவர் ஒருநாளும் எடுக்கவில்லை. குளிர் விடியல்களில் தன் சால்வையைத் துலா ஏறுமுன் இவர் தோளில் போட்டுவிடுவாராம். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்று நான் சொன்னதற்கு, அது தன் காலைப் பார்த்துச் சொன்ன பழமொழியோ என்று என் கணவர் கேட்டார். அவர் பகிடி விட்டு எவ்வளவு காலம்! பங்குனியில் புகையிலை வெட்டும்போது கால்கள் பெரும்பாலும் அடங்கியிருந்தன.

வழக்கு மட்டும் அடங்கவில்லை. காலையில் ஒரே கிணற்றில் வேலை செய்வோம். தவணை நாளில் ஒரே பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் போவோம், அவர் முன் சீற்றில், நாங்கள் பின் சீற்றில். அவர் ஏன் வழக்கைத் திருப்பி எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். எடுத்தால் பிரக்கிராசி ஏன் என்று கேட்பார், ஊர் கேட்கும். அதோடு குஞ்சியப்பு பிறந்த நாளிலிருந்து ஒரு வழக்கையும் திருப்பி எடுத்தவரில்லை. வெல்லவும் ஆசை இருந்திருக்கும். அதுதான் எனக்குப் பயம். என் கணவரோ, சத்தியம் செய்து கூண்டில் ஏறினால் பொய் சொல்லமாட்டேன் என்று ஒரே பிடியில் நின்றார். ஏன் தண்ணீரைத் திருப்பி ஊற்றினாய் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அபின் சபைக்கு வந்துவிடும். அடுத்த கப்பலிலேயே செய்தி மலாயாவுக்குப் போய்விடும். லீவு முடிகிற நாளும் கிட்டடியில்தான் இருந்தது.

விசாரணை நாளில் குஞ்சியப்புதான் முதலில் கூண்டில் ஏறினார். அவருடைய பிரக்கிராசி நல்ல சூரர். விதானையார் கண்ட எல்லாவற்றையும் பிரக்கிராசி அடுக்கிச் சொன்னார். நீதவானுக்கே ஆச்சரியம், திருப்பிக் கிணற்றுக்குள் ஊற்றினார்களா, எதற்கு என்று கேட்டார். பிரக்கிராசி எங்கள் பக்கம் கையைக் காட்டி, அதை எதிரியைக் கூண்டில் ஏற்றி அவர் வாயாலேயே கேட்கப்போகிறேன் என்றார். என் கணவர் எழும்புவதற்குச் சால்வையைச் சரிசெய்தார்.

குஞ்சியப்பு கனைத்தார்.

"அவரை ஏத்தத் தேவையில்லை, ஐயா. நான்தான் என்ரை முறையிலை வந்து மிதிக்கச் சொன்னனான்."

பிரக்கிராசி திகைத்துப் போனார். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். அப்படியானால் எதற்கு வழக்கு வைத்தாய் என்று கேட்டார். குஞ்சியப்பு ஒருதரம் சபையைப் பார்த்தார். அவரிடம் உறுதி விபரம் கேட்டு ஓடுகிற அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

"மறந்து போனன், ஐயா" என்றார்.

சபை கொல்லென்று சிரித்தது. நீதவான் கோட்டின் நேரத்தை வீணாக்கியதற்கு நன்றாக ஏசி, வழக்கைத் தள்ளினார். ஊரிலேயே பெரிய ஞாபகசாலி கைகட்டி நின்று அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கே அவருக்கு 'மறதியர்' என்று பட்டம் விழுந்தது. சாகும்வரை ஒட்டிக்கொண்ட பட்டம். அதற்குப் பிறகு உறுதி விபரம் கேட்டு ஒருவரும் அவரிடம் போகவில்லை. அவர் ஆசையாக வைத்திருந்த ஒன்று அதுதான். அதைத்தான் எங்களுக்காகக் கொடுத்தார்.

பஸ்ஸடியில் நான் அவர் காலில் விழப் போனேன். அவர் பஸ்ஸின் சில்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வழக்கு முடிஞ்சுது எண்டு இறைப்பு முடியேல்லை. காலமை மருமோனை வரச் சொல்லு." முன் சீற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

என் கணவர் மலாயாவுக்குத் திரும்பினார். பிறகு யப்பான்காரன் யுத்தம் வந்து, கடிதமும் இல்லை, காசும் இல்லை, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாத வருடங்கள் போயின. யுத்தம் முடிந்து எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார். நான் முதலில் கண்ணைத்தான் பார்த்தேன். கண் தெளிவாக இருந்தது. பசிக்கும் நோவுக்கும் அங்கே பலர் அபினைத்தான் தேடினார்களாம். கால் கேட்கிற நேரங்களில் இவர் ஒரு தண்டவாளத்தில் ஏறி, முன்னும் பின்னும் நடந்தாராம்.

வந்த கிழமையே குஞ்சியப்புவைப் பார்க்கக் கேட்டார். அவர் நடமாட முடியாமல் கட்டிலில் கிடந்தார். இறைக்க ஆளில்லாமல் அவருடைய தோட்டம் வாடியிருந்தது. நாங்கள் அவர் வீட்டுக்குப் போகுமுன் கிணற்றடிக்குப் போனோம். அன்று எங்கள் முறை. இவர் துலாவில் ஏறினார், நான் பட்டை பிடித்தேன். தண்ணீரை அவருடைய தோட்டத்துக்குத் திருப்பிவிட்டேன்.

துலாச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது. நாங்கள் உள்ளே போனபோது கட்டிலில் இருந்தபடியே ஏசினார்: ஆரைக் கேட்டு என்ரை தோட்டத்துக்குத் தண்ணி விட்டனீங்கள், நாளைக்கு உரிமை கேட்கவோ என்று. இத்தனை வருடத்துக்குப் பிறகு நான் முதன்முதலாக அவருடைய முகத்தை நேரே பார்த்துச் சொன்னேன்:

"நீங்கள்தானே குஞ்சியப்பு வரச் சொன்னனீங்கள். கோட்டிலை சொன்னியள். மறந்து போனியளே?"

அவர் என் கணவரைக் கட்டிலில் இருக்கச் சொல்லி, அவருடைய கால்களைத் தன் கையால் தடவிப் பார்த்தார். கால்கள் அசையாமல் கிடந்தன.